தடியா, ஈயா? வேலியின் இரு பக்கமும் ஒரு மரவள்ளி வழக்கு

மாசிக் கடைசியில் ஒரு காலை, வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று பக்கத்து வளவு அக்கா கூப்பிட்டா. கையில் காம்போடு ஒடித்த ஒரு மரவள்ளி இலை. ஏழு விரல் இலை. மூன்று விரல் ஒழுங்கான பச்சை. மற்ற நாலிலும் மஞ்சள் வெளிறல் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அதில் ஒரு விரல் நடுவில் கூனி, பக்கத்து விரலின் பாதி நீளம்தான் வளர்ந்திருந்தது.

"பிள்ளை, உங்கட தோட்டத்துத் தேமல் எங்கட வளவுக்கு வந்திட்டுது. இனி என்ன செய்யப்போறியள்?"

தேமல் என்றால் மரவள்ளி இலையை இப்படி வெளிறிக் கூன வைக்கும் வைரஸ் நோய்; ஆங்கிலத்தில் மொசேக். கேட்டது கேள்வி. தீர்ப்பும் அதற்குள்ளேயே இருந்தது.

இதை எழுதுகிறவள் குற்றம் சாட்டப்பட்டவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசுவமடுப் பக்கம் வீட்டோடு சேர்ந்த தோட்டம் எனக்கு. மரவள்ளிச் சிப்ஸ் பொரித்து இரண்டு மூன்று கடைகளுக்குப் போடுகிறேன். கிழங்கை வெளியிலும் வாங்குவேன்; சொந்தமாக இருநூறு மரம் வைத்திருந்தேன். கிழக்கு வேலியோரம் நீளவாக்கில் ஐந்து வரிசை, வரிசைக்கு நாற்பது. வேலிக்கு அப்பால் அக்காவின் வளவில் அறுபது. இரண்டு தோட்டத்திலும் நடுகை டிசம்பர் நடுப்பகுதியில், பெருமழை ஓய்ந்த பிறகு, ஒரே கிழமைக்குள் நடந்தது. வழக்கு கமக்காரர் அமைப்புக் கூட்டம் வரை போய், "நீங்கள்தானே படிச்சனீங்கள், எல்லாத்தையும் எழுதித் தாங்கோ" என்று என் தலையிலேயே விழுந்தது. எதிராளியிடமே விசாரணையை ஒப்படைக்கிற ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அக்காவின் மூன்று சாட்சி

கூட்டத்தில் அக்கா சொன்னதைச் சுருக்கினால் மூன்று விசயம். ஒன்று, தேமலை முதலில் கண்டது என் தோட்டத்தில், பிறகுதான் தன்னுடையதில். இரண்டு, தன் வளவில் வேலியோர மரங்களில்தான் அது கூட. மூன்று, என் தென்னையின் ஓலைக்கு அடியில் வெள்ளை ஈ அப்பிக்கிடக்கிறது; அதுதான் பறந்து வந்து பரப்பியது.

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மிஸ்ஸும் முதலில் தலையாட்டினா. பிரித்துப் பார்த்தால்தான் இளகத் தொடங்கும்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். தென்னோலைக்கு அடியில் வட்டம் வட்டமாக வெண்பஞ்சு போல முட்டையிட்டு, கீழே இலைகளில் கரிப் பூஞ்சணம் படிய வைக்கும் அந்த ஈ வேறு சாதி. மரவள்ளித் தேமலைக் காவுவது பெமிசியா டபாசி என்ற சின்ன வெள்ளை ஈ. ஒரு மில்லிமீற்றர் அளவு. குருத்து இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் அரிசிக் குறுநொய் மாதிரித் தெரியும், தட்டினால் தூசி போலக் கிளம்பும். வெண்டிக்கு மஞ்சள் நரம்பு நோய் கொண்டு வருவதும் இதுதான். தென்னை ஈ தென்னைக்குப் பகை. மரவள்ளி வைரஸுக்கு அது வாகனமில்லை. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தது நாங்கள். பேர் ஒன்றாயிருந்ததால் ஒரு தென்னை குற்றக்கூண்டில் ஏறியது.

"முதலில் கண்டது" என்பது இன்னும் நுணுக்கமானது. நான் கிழங்கு பார்க்க நாள்தோறும் தோட்டத்துக்குள் இறங்குகிறவள். அக்கா பாடசாலைச் சமையலுக்குப் போய் பின்னேரம் வருகிறவ. தேடுகிறவர் முதலில் காண்பார். அதற்காக நோய் அங்கேதான் முதலில் வந்தது என்று ஆகிவிடாது. ஈ கடித்து வைரஸ் ஏறிய நாளிலிருந்து தேமல் தெரிய மூன்று முதல் ஐந்து கிழமை பிடிக்கும். இன்றைக்குக் கண்ணில் படுவது ஒரு மாதத்துக்கு முந்தைய கதை.

என் பக்கத்துச் சாட்சியும் திறமில்லை. "என்ர தடி சுத்தம், நாலு வருசமா நல்ல விளைச்சல்" என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னேன். விளைச்சல் நல்லதாக இருந்தால் தடியில் வைரஸ் இல்லை என்று யார் சொன்னது? தாங்குகிற இனம் நோயைச் சுமந்துகொண்டே கிழங்கும் தரும். அதை அன்றைக்கு யோசிக்கவில்லை. கோபத்தில் இருக்கும்போது தன் தடி எப்போதும் சுத்தம்தான்.

அடியிலை சொல்லும் கதை

மரவள்ளியில் நோய் இரண்டு வழியால் வரும். நோயுள்ள மரத்தில் வெட்டிய தடியை நட்டால் தடிக்குள்ளேயே வைரஸ் வரும். சுத்தமான தடியை நட்டாலும், வளர்ந்த பிறகு வெள்ளை ஈ கொண்டு வந்து ஏற்றும். இரண்டாலும் வருவது ஒரே தேமல், ஒரே கூனல். ஆனால் மரம் தன் உடம்பிலேயே வழியை எழுதி வைத்திருக்கிறது.

தடியோடு வந்த நோய் என்றால் முளைத்த முதலாவது இலையே தேமலோடு வரும். அடியிலை முதல் குருத்து வரை எல்லாமே நோய். ஈயால் வந்தது என்றால் அடியில் ஆறேழு இலை நல்ல பச்சையாக, சுருக்கம் இல்லாமல் இருக்கும். அதற்கு மேல் ஒரு கணுவிலிருந்துதான் தேமல் தொடங்கும். முதிர்ந்து விரிந்த இலை பிறகு நோயைக் காட்டுவதில்லை, அதற்குப் பிறகு பிறக்கிற இலைகள்தான் காட்டும். மிஸ் இதைச் சொன்ன நேரம் நான் பக்கத்தில் நின்ற மரத்தை அடியிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று சுத்தம். எட்டாவதில் காம்போடு சேருமிடத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிறல். ஒன்பதாவது முழுக்கக் கூனல். எட்டாவது இலை பிறந்த கிழமையிலிருந்து ஒரு மாதம் பின்னுக்குப் போனால் ஈ குந்திய நாள், கிட்டத்தட்ட.

இந்தச் சாட்சிக்கு ஆயுள் குறைவு. மரவள்ளி அடியிலையைக் கழற்றிக்கொண்டே போகும். வெயில் ஏறினால் இன்னும் கெதியாய். மூன்றாம் நாலாம் மாதத்துக்குப் பிறகு வந்து பார்த்தால் காம்பு விழுந்த தழும்புகள்தான் மிச்சம், தழும்பில் தேமல் தெரியாது. நாங்கள் எண்ணியது பத்தாம் கிழமையில். இன்னும் ஒரு மாதம் சண்டை பிடித்துவிட்டு எண்ணியிருந்தால் எல்லா மரமும் ஒரே மாதிரி நின்றிருக்கும்.

எண்ணிக்கை இதுதான். அக்காவின் அறுபதில் நோய் இருபத்துமூன்று. அதில் அடியிலையிலிருந்தே நோய் 14, மேலே மட்டும் 9. என் இருநூறில் நோய் முப்பத்தொன்று. அடியிலிருந்து 6, மேலே மட்டும் 25.

அக்காவின் வளவில் பாதிக்கு மேல் தடியோடு வந்த நோய். வேலி தாண்டிய ஈக்கும் அந்தப் பதினாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சந்தோசத்தை மறைக்க நான் பெரிதாகப் பாடுபடவில்லை.

அக்கா விடவில்லை. "இலை விழுந்ததும் விழாததும் ஆருக்குத் தெரியும்? நீங்கள் அடியிலை எண்டு எண்ணினது நடுவிலையா இருந்தா?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் எண்ணிக்கைக்குள் இல்லை, பேஸ்புக்கில் இருந்தது. அக்காவின் மகன் தைப்பொங்கலுக்கு முற்றத்தில் எடுத்துப் போட்ட படம். முன்னால் பொங்கல் பானை, நுரை தள்ளுகிறது, பக்கத்தில் கரும்பு. பின்னால், யாரும் கவனிக்காத இடத்தில், நாலு கிழமை வயதான மரவள்ளி முளைகள். போனில் பெருப்பித்துப் பார்த்தோம். ஒரு முழமும் வராத முளை. விரிந்த நாலைந்து இலையிலும் வெளிறல், ஒன்றில் தெளிவான கூனல்.

முளை வெளியே வரவே பத்துப் பன்னிரண்டு நாள் போகும். அதற்குப் பிறகு ஈ குந்தி, மூன்று கிழமை கழித்துத் தேமல் காட்ட வேண்டும் என்றால் தை கடைசி ஆகும். தைப்பொங்கலில் தேமலோடு நிற்கிற முளைக்கு வைரஸ் தடியால்தான் வந்திருக்க முடியும். போன் திகதி பிழைக்கலாம். பொங்கல் பானை பிழைக்காது.

அந்தப் படத்தை மிஸ்ஸுக்குக் காட்டிவிட்டு வென்றவள் மாதிரி நிமிர்ந்தபோது அக்கா அமைதியாகச் சொன்னா: "சரி, தடியாலதான் வந்தது. அந்தத் தடி ஆர் தந்தது?"

அந்த நடுகைக்கு ஒரு கட்டுத் தடி வேலிக்கு மேலால் நீட்டியது நான்தான்.

சிவப்புக் காம்பும் பச்சைக் காம்பும்

அக்காவுக்குத் தடி இரண்டு இடத்தால் வந்தது. ஒன்று என் கட்டு. மற்றது உறவுக்காரர் ஒருவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து இறக்கியது. அவர் எங்கே வெட்டினார் என்று அவருக்கே சரியாக ஞாபகமில்லை. வன்னியில் தடி இப்படித்தான் நடமாடும். மீள்குடியேறி வந்த காலத்தில் வெறும் வளவுக்குள் முதலில் நட்டது பலருக்கு மரவள்ளிதான். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், மிளகாய்க்குக் காசு வேண்டும், மரவள்ளிக்கு யாரோ ஒருவர் தருகிற தடி போதும். அந்தத் தடிகள் எத்தனை கை மாறி வந்தன என்று எந்தப் புத்தகத்திலும் பதிவில்லை.

எந்த வரிசை யாருடைய தடி என்று அக்காவிடம் கேட்டேன். கிணற்றுப் பக்கம் இரண்டு வரிசை உங்களுடையது என்றா. மகன் இல்லை, வேலிப்பக்கம் என்றான். ஞாபகச் சாட்சியை அந்த இடத்திலேயே கைவிட்டோம். என் மரவள்ளியின் இலைக்காம்பு சிவப்பு. லாண்ட்மாஸ்டரில் வந்ததன் காம்பு வெளிறிய பச்சை. மரம் மாறிச் சொல்லாது.

சிவப்பு 28, பச்சை 32. அடியிலிருந்தே நோயுள்ள பதினாலில் பச்சைக் காம்பு 11, சிவப்பு 3.

பெரும் பங்கு என் தடிக்கு இல்லை. ஆனால் மூன்று இருக்கிறது. "என்ர தடி சுத்தம்" என்ற வசனம் அன்றைக்குச் செத்தது. அந்த மூன்றும் ஆகக் குறைந்த கணக்குத்தான். சிவப்பு இனம் தேமலைக் குறைவாகக் காட்டுகிற இனமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை சுமக்கிறது என்பதற்குக் காம்பின் நிறம் பதில் சொல்லாது.

அதைப் பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். போன வருசத்து மரம் ஐந்தைக் கிணற்றடியில் வெட்டாமல் விட்டிருந்தேன். பார்வைக்குத் தேமல் இல்லை. அவற்றில் பத்துத் துண்டு வெட்டிப் பையில் நட்டு, நுளம்பு வலைக்குள் வைத்தேன். நாலு கிழமையில் ஒன்று முதல் இலையிலேயே தேமலோடு வந்தது. இன்னும் இரண்டு அடியில் சுத்தமாக வந்து, ஏழாம் கிழமையில் மேலே வெளிறின. வலைக்குள் ஈ எப்படி வந்தது? மிஸ் வலையை இழுத்து வெயிலுக்குப் பிடித்துக் காட்டினா. நுளம்புக்குப் பின்னிய கண் வெள்ளை ஈக்குப் படலை திறந்து வைத்த மாதிரி. அந்த இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துப்போட்டேன். முதல் இலைத் தேமல் மட்டும் நின்றது. வலை ஓட்டையோ இல்லையோ அதற்குத் தடிதான் காரணம்.

இரண்டாம் முறை பழைய வொயில் சீலை ஒன்றை இரட்டையாய் மடித்துக் கூடாரம் கட்டினேன். பத்தில் ஒன்று அடியிலிருந்தே நோய். மேலே வெளிறியது ஒன்றும் இல்லை. தேமல் காட்டாத மரமும் தேமல் தடி தரும் என்பதற்கு எனக்கு அந்த இரண்டு துண்டு போதும். நூற்றுக்கு இத்தனை என்று சொல்ல இருபது துண்டு காணாது.

எண்பத்தொன்பது வருச வழக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சண்டை மூன்று மாதம். மரவள்ளித் தேமலின் காரணத்தை நிரூபிக்க உலகத்துக்கு எடுத்தது அதைவிடக் கனகாலம்.

1894இல் வார்பேர்க் என்ற ஜேர்மானியர் கிழக்கு ஆபிரிக்காவில் இந்த நோயை முதலில் விபரித்தார். வைரஸாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஒட்டினால் தொற்றும், தடியால் தொற்றும், ஈயால் தொற்றும் என்பதெல்லாம் தெரிந்தும், "இந்த வைரஸ்தான் செய்தது" என்று சொல்ல முடியவில்லை. நோயுள்ள மரவள்ளிச் சாற்றிலிருந்து ஒரு வைரஸைப் புகையிலைச் சாதிச் செடிக்கு மாற்றினார்கள். தேமலுக்கு அதுதான் காரணமென்று காட்ட முடியாததால் "மரவள்ளி மறைவைரஸ்" என்று பேர் வைத்தார்கள். சந்தேக நபர், குற்றவாளி இல்லை என்ற அர்த்தத்தில். 1983இல் பொக், வூட்ஸ் என்ற இருவர் அந்தத் தொடர்பை உறுதிப்படுத்திய பிறகுதான் அது ஆபிரிக்க மரவள்ளி மொசேக் வைரஸ் ஆனது.

ரொபேட் கொக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த விதி இதுதான்: நோயாளியில் கிருமி இருக்க வேண்டும், அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும், சுகதேகிக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும், அதிலிருந்து அதே கிருமி திரும்பக் கிடைக்க வேண்டும். உயிருள்ள கலத்துக்கு வெளியே வளராத வைரஸை எந்தத் தட்டில் வளர்ப்பது? பிற்காலத்தில் வைரஸின் டி.என்.ஏ.யைப் படியெடுத்துச் செடிக்குள் செலுத்தி நோயை வரவைத்துக் காட்டும் வழி வந்தது. எங்கள் பேர் தாங்கிய இலங்கை மரவள்ளி மொசேக் வைரஸை சோண்டர்ஸும் கூட்டாளிகளும் 2002இல் ஆராய்ந்து எழுதியபோது அந்த வழியைத்தான் பிடித்தார்கள். இந்த வைரஸின் மரபுப்பொருள் ஏ, பி என்று இரண்டு வளையம். பி வளையம் இந்திய மரவள்ளி வைரஸிடமிருந்து பெற்றதாகத் தெரிகிறது என்பது அவர்களுடைய முடிவு. வைரஸும் அயலில் வாங்கித்தான் பிழைத்திருக்கிறது.

2015இல் அது கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில வருசங்களில் வியட்னாம், தாய்லாந்து. வெள்ளை ஈ வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பறக்காது. கட்டுத் தடி தாண்டும்.

வாடை பிடித்த நாள்

தடிக் கணக்கு முடிந்தது. மிச்சம் இருந்தது மேலே மட்டும் நோய் காட்டிய மரங்கள்: என்னிடம் 25, அக்காவிடம் 9. இவை ஈயின் வேலை. எந்தப் பக்கத்து ஈ?

அக்கா முதலில் சோளகம் என்றா. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று என் பக்கமிருந்து அக்காவின் பக்கம் வீசும், அது சரி. ஆனால் மாசிக் கடைசியில் தெரிந்த தேமல், தை கடைசியில் ஏறிய வைரஸ். அப்போது வீசியது வடகிழக்கு வாடை. வாடை அக்காவின் வளவிலிருந்து என் பக்கம் வரும். இதை நான் எவ்வளவு ஆசையோடு சொன்னேன் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். என் வேலியோர வரிசையில் நாற்பதுக்கு 9 மேல்நோய். மற்ற நாலு வரிசையின் நூற்றறுபதில் 16. வேலிப்பக்கம் இரண்டு மடங்குக்கு மேல். ஐவரி கோஸ்ற்றில் பார்ஜெற் குழுவினர் 1980களில் மரவள்ளித் தோட்டங்களை எண்ணியபோதும், காற்று வரும் பக்கத்து ஓரத்தில்தான் நோய் கூடக் கண்டார்கள். காற்றும் ஓரமும் எண்ணிக்கையும் ஒரே பக்கம் விரல் நீட்டின. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

மிஸ் ஒரு கொப்பித் தாளில் நாற்பது பெட்டி கீறச் சொன்னா. வேலியோர வரிசையை வடக்கிலிருந்து எண்ணி நோயுள்ள மரத்துக்குப் புள்ளி போட்டோம். 3, 4, 5, 6. பிறகு 16, 17, 18. பிறகு 29, 30, 31, 32. கடைசியில் 36. பன்னிரண்டு.

வான் டெர் பிளாங்க் என்ற தென்னாபிரிக்கர் 1946இல் சொன்ன ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு வரிசையில் நோய் கண்டபடி விழுந்தால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் நோயாக நிற்கும் சோடி எத்தனை வரவேண்டும்? நோய் மரத்தின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, மொத்த மரத்தால் பிரி. பன்னிரண்டு தரம் பதினொன்று, பிரி நாற்பது: 3.3. எங்கள் தாளில் சோடி எட்டு. நோய் கண்டபடி விழவில்லை, கூட்டம் கூட்டமாக நிற்கிறது.

"அப்ப ஒண்டிலயிருந்து ஒண்டுக்குப் பரவியிருக்கு" என்றேன்.

"இல்லை, பொறுங்கோ. ஒரு தடியில எத்தனை துண்டு வெட்டினனீங்கள்?" என்றா மிஸ்.

ஆறு, ஏழு. வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக அதே வரிசையில் நட்டுக்கொண்டே போனேன். ஒரே தாய்த்தடியின் துண்டுகள் அயலில் நிற்கும். தாய் நோயாளி என்றால் பிள்ளைகள் கூட்டமாகத்தான் நோயாக நிற்பார்கள்; ஈ பறக்கவே வேண்டியதில்லை. கூட்டம் என்பது பரவலுக்குச் சாட்சி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் நடுகிறவரின் கையை மறந்துவிடுகிறார்கள்.

அதனால் அடியிலிருந்தே நோயுள்ளவற்றைக் கழித்தோம். 6, 16, 32 போக மேல்நோய் ஒன்பது. ஒன்பது தரம் எட்டு, பிரி நாற்பது: 1.8. சோடி ஐந்து. இன்னும் கூட்டம்தான், இம்முறை ஈயின் கூட்டம்.

கழித்த மூன்று எண்ணையும் மிஸ் வட்டமிட்டா. அவ ஒன்றும் சொல்லவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 3, 4, 5க்குப் பக்கத்தில் 6. 17, 18க்குப் பக்கத்தில் 16. 29, 30, 31க்குப் பக்கத்தில் 32. ஒவ்வொரு கூட்டத்தின் காலடியிலும் என் தடியோடு வந்த ஒரு நோய் மரம் நிற்கிறது. 36 மட்டும்தான் அநாதை.

வாடையைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தேன். வந்து நின்றது என் சொந்த மரம் மூன்று.

பக்கத்தில் நிற்பதால் அதுதான் காரணம் என்று முடிக்கவும் கூடாது. வெள்ளை ஈ குருத்தைத் தேடி அடுத்த மரத்துக்கும் தாவும், காற்றில் தூக்குப்பட்டு எங்கேயோ போயும் இறங்கும். அக்காவின் வளவில் அடிநோய் பதினாலு நிற்கும்போது அங்கிருந்து ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் இரண்டு விளக்கத்தில் எதற்குக் குறைந்த கற்பனை வேண்டும் என்று கேட்டால் என் விரல் தாளில் இருக்கிற வட்டத்துக்குத்தான் போகிறது. அக்காவின் ஒன்பதையும் இப்படியே கீறினோம். பதினைந்து மரத்தின் நாலு வரிசையில் கணக்கு ஒன்றுக்கும் பிடிபடவில்லை, எண்ணிக்கை காணாது.

ஆய்வுகூட முடிவு இதற்கிடையில் வந்தது. மிஸ் இரண்டு தோட்டத்திலும் ஒவ்வொரு இலை அனுப்பியிருந்தா. இரண்டிலும் வைரஸ் உண்டு. "பார்த்தியே, லாப்பிலயே சொல்லிப்போட்டாங்கள்" என்று அக்காவும், "ரெண்டிலயும் எண்டு சொல்லியிருக்கு" என்று நானும் ஒரே தாளைப் பிடித்து இழுத்தோம். வைரஸ் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. சிற்றுண்ணி, பனிப்பூச்சி, நாகச் சத்துக் (சிங்க்) குறைபாடு, களைநாசினி பட்டது எல்லாம் இலையைச் சுருட்டி வெளிறச் செய்யும். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட அந்தத் தாள் உதவியது. எங்கிருந்து எங்கே போனது என்பதை அது சொல்லாது. ஒரே வைரஸ் ஊர் முழுக்க இருக்கும்போது இரண்டு இலையில் ஒரே பேர் வருவதில் புதினம் என்ன? ஈயைப் பிடித்துப் பரிசோதித்து அதில் வைரஸ் கண்டாலும் அப்படித்தான். வயிற்றில் இருப்பது வேறு, ஊசியால் ஏற்றுவது வேறு.

கூட்டத்தில் ஒருவர் வாழை முடிக்கொத்துக்கும் இந்த அடியிலைப் பார்வை சரிவருமா என்று கேட்டார். ஓரளவு வரும். அதுவும் குட்டியாலும், அழுக்கணவன் என்ற சாறுறிஞ்சும் பூச்சியாலும் இரண்டு வழியில் போகிற நோய், அவுஸ்திரேலியாவில் மகீ 1920களில் அதைக் காட்டினார். குட்டியோடு வந்தால் முதல் இலையே குறுகி நிமிர்ந்து கொத்தாக வரும். வெண்டிக்குச் சரிவராது, மஞ்சள் நரம்பு நோயில் குற்றம் ஈயுடையது, விதையைத் திட்டிப் பலனில்லை. பப்பாசி வளையப்புள்ளிக்கு வேறு கணக்கு. அழுக்கணவன் சில வினாடி குத்திப் பார்த்துவிட்டுப் போனாலே வைரஸ் ஏறிவிடும், மருந்தடித்து அது சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். அங்கே பூச்சி குடியிருக்கவில்லை என்பது பூச்சி வரவில்லை என்பதற்குச் சாட்சியாகாது.

அடுத்த நடுகைக்கு அக்காவும் நானும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். தடி கைமாறும்போது யாருடையது என்று கட்டில் நூல் கட்டுவது. ஒரு தாய்த்தடியின் துண்டுகளை அடுத்தடுத்து நடாமல் கலைத்து நடுவது. தைப்பொங்கலுக்கு முதல் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு தோட்டத்தையும் நடந்து, முதல் இலையில் தேமல் கண்ட முளையை அந்த இடத்திலேயே பிடுங்குவது. பிடுங்குகிற உரிமை எதிர்ப்பக்கத்துக்காரருக்கு.

ஒரே ஒரு விசயத்தில் மட்டும் இன்னும் இணக்கமில்லை. என் வேலியோர வரிசையின் 17ஆம் 18ஆம் மரங்கள். அவற்றை நான் மேல்நோய் என்று எழுதியிருக்கிறேன். எண்ணுவதற்கு இரண்டு நாள் முதல் அக்காவின் ஆடு வேலிக்குள்ளால் தலையை நீட்டி அந்த இரண்டினதும் அடியிலைகளை மேய்ந்துவிட்டது. மரவள்ளி இலை தின்ற ஆடு சாகும் என்று பயந்து, மத்தியானம் வரைக்கும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். ஆடு சாகவில்லை. அடியிலை சுத்தமாக இருந்தது, என் கண்ணால் கண்டது என்கிறேன் நான். "காட்டு பாப்பம்" என்கிறா அக்கா.